ஸ்ரீரங்கத்தில் யார் யார் 'கிவ் அப்' பண்ணினாங்க?

இந்த எபிசோடுக்கு ஒரே ஒரு ஆங்கில வினைதான் சாக்கு: 'கிவ் அப்'. "கிவ் அப் பண்ணாத மச்சி"ன்னு தினமும் சொல்றோம். ஆனா தமிழ்ல சொல்லப் போனா ஒரு வினை போதாது. சிகரெட்னா விட்டுட்டான். பஸ் சீட்னா விட்டுக்கொடுத்தான். போர்னா சரணடைஞ்சான். நம்பி வந்த ஆளையே எதிரிகிட்ட கொடுத்தா, காட்டிக்கொடுத்தான். (2015-ல கேஸ் மானியத்தை விடச் சொன்ன அரசாங்கப் பிரசாரத்துக்கே 'கிவ் இட் அப்'னுதான் பேர்.) இந்த அர்த்தங்கள் ஒரே தீவுல ஒண்ணோட ஒண்ணு மோதின கதை நம்ம திருச்சியில இருக்கு.

1751. ஆற்காட்டு நவாப் பதவிக்கு ரெண்டு பேர் போட்டி. ஆங்கிலேயர் ஆதரவு பெற்ற முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள்ளே. பிரெஞ்சுப் படையோட சந்தா சாகிப் வெளியே, முற்றுகை. கிளைவ் ஆற்காட்டைப் பிடிச்சதே இந்த முற்றுகையைத் தளர்த்தத்தான். அடுத்த வருஷம் லாரன்ஸும் கிளைவும் திருச்சிக்கே வந்துட்டாங்க. உடனே பிரெஞ்சுத் தளபதி ழாக் லா, ஸ்ரீரங்கத் தீவுக்குள்ள பின்வாங்கினார். என்னைக் கேட்டா, ஆட்டம் அங்கேயே முடிஞ்சது. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். பார்க்க அரண் மாதிரி இருக்கும். வழியை அடைச்சா பொறி. கிளைவ் கொள்ளிடத்தைத் தாண்டிப் போய் சமயபுரத்துல உட்கார்ந்தார். பிரெஞ்சு உதவிப் படை வாலிகண்டபுரம் பக்கத்திலேயே மடங்கிப் போச்சு. கோயில் மதில்களுக்குள்ள இருந்த வீரர்கள் கூட்டம் கூட்டமா சந்தா சாகிப்பைக் கைவிட்டாங்க.

1752 ஜூன். தப்பிக்க வழி தேடின சந்தா சாகிப், தஞ்சாவூர்த் தளபதி மானோஜியை நம்பினார். பணமும் பேசியாச்சு, பத்திரமா அனுப்பி வைக்கிறேன்னு சத்தியமும் வாங்கியாச்சு. போய்ச் சேர்ந்ததும் சிறை. கைதி யாருக்குன்னு கூட்டாளிகளுக்குள்ள சண்டை. கடைசியில மானோஜி அவர் தலையை வெட்டச் சொன்னார். வெட்டின தலை முகமது அலிகிட்ட போச்சு. லா, சுமார் 800 பிரெஞ்சு வீரர்களோடும் 2000 சிப்பாய்களோடும் சரணடைஞ்சார். அவருக்கு ஒண்ணும் ஆகலை.

இது நடந்த ஊரைக் கவனிங்க. ராமானுஜர் சரணாகதி கத்யத்தைச் சமர்ப்பித்ததா வைணவ மரபு சொல்ற ஊர் இது. இன்னைக்கும் பங்குனி உத்திரத்துல தாயார், பெருமாள் சேர்த்தியில அதை ஓதறாங்க. அந்த மரபுல சரணடையறது தோல்வி இல்லை, அடைக்கலம். வந்தவனைக் காப்பாத்தறது எதிர்ல இருக்கறவன் பொறுப்பு. 'கிவ் அப்'ல அந்த இன்னொரு ஆளே கிடையாது. சந்தா சாகிப் கேட்டது அடைக்கலம். அவருக்குக் கிடைச்சது 'கிவ் அப்'.

எல்லாரும் பண்ணலைங்கறதையும் சொல்லணும். கோயிலுக்குள்ள இருந்த ஆயிரம் ராஜபுத்திர வீரர்கள் வெளியேற மறுத்துட்டாங்க. மூணாவது மதிலைத் தாண்டி யாராவது உள்ளே வந்தா வெட்டிருவோம்னாங்க. இதை எழுதி வெச்சவர் ராபர்ட் ஓர்ம், ஆங்கிலேயர் தரப்பு வரலாற்றாசிரியர். ஜெயிச்சவங்க அவங்களைத் தொந்தரவு பண்ணலைன்னும் அவரே எழுதறார்.