கச்சான் காற்றும் எஞ்சின் எண்ணெயும்

ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கிக் கொடுத்தது கச்சான் காற்று என்று சொல்வது வழக்கம். அது உண்மையும்தான். ஜூலை முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மத்திய மலைத்தொடரின் மேற்குச் சரிவிலேயே மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, ஹப்புத்தளை, பண்டாரவளை, பதுளை, பசறைப் பக்கம் வறண்டு வீசும். அந்த வறட்சியில் துளிர்க்கும் கொழுந்துக்குத்தான் ஊவாவின் தனி மணம். ஆனால் கொழுந்துக்கு மணம் தரும் அதே வறட்சி ஓடைகளையும் மெலிய வைக்கிறது. ஆரம்ப காலத்து ஸ்டோர்கள் (தேயிலைத் தொழிற்சாலைகள்) பலவற்றில் ரோலரைச் சுழற்றியது ஓடைத் தண்ணீர்தான். தண்ணீர் பெருகும் ஒக்டோபருக்குப் பின் அந்த மணம் இல்லை. மணம் வரும் மாதங்களிலோ தண்ணீர் போதாது. ஆகவே ஊவாத் தேயிலையின் வரலாற்றை எரிபொருளை விட்டுவிட்டு எழுத முடியாது. எஞ்சினைத் தடங்கலின்றி ஓட வைத்தவர்களை விட்டுவிட்டும் எழுத முடியாது என்பதே என் வாதம்.

கோப்பிக் காலத்தில் இந்தச் சிக்கல் இவ்வளவு கடுமையாக இருக்கவில்லை. தோட்டத்தில் பழத்தின் தோலை நீக்கிக் கழுவி, காயவைத்துக் கொழும்புக்கு அனுப்பினால், மேல்வேலைகளை அங்கே உள்ள ஆலைகள் பார்த்துக்கொண்டன. 1869இல் மடுல்சீமையில் முதலில் கண்ணில் பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்துத் தேயிலையைக் கொண்டுவந்தபோது நிலைமை மாறியது. பறித்த கொழுந்து காத்திருக்காது. வாட்டி, ரோலரில் உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்தி முடிக்கும் வரை எல்லாம் தோட்டத்திலேயே நடக்க வேண்டும். 1890இல் தொமஸ் லிப்டன் வாங்கிய தம்பேதன்னை முதல் சிறு தோட்டங்கள் வரை ஸ்டோருக்கு ஸ்டோர் சொந்தமாக வலு தேவைப்பட்டது. இங்கிலாந்தின் கெண்டல் நகரத்து கில்க்ஸ் கம்பெனியின் நீர்ச்சுழலிகள் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தன. 1892இல் கிரந்தம் நகரின் ஹோர்ன்ஸ்பி தொழிற்சாலை, ஹெர்பர்ட் அக்ரோய்ட் ஸ்டுவர்ட்டின் எண்ணெய் எஞ்சினை விற்பனைக்குச் செய்யத் தொடங்கிய பிறகு, தண்ணீர் குறைந்த மாதங்களுக்கு எண்ணெய் என்ற வழி திறந்தது. அந்த எண்ணெய் வந்து சேர்வதே ஒரு பாடு. ரயில் 1893இல் ஹப்புத்தளைக்கும் 1894இல் பண்டாரவளைக்கும் வந்துவிட்டது. பதுளையை எட்டியதோ 1924இல். இடைப்பட்ட முப்பது ஆண்டுகள் பதுளைக்கும் அதற்கு அப்பால் பசறை, மடுல்சீமைக்கும் போகும் சரக்கு, தண்டவாளம் முடிந்த இடத்திலிருந்து மலை ரோட்டில்தான் போக வேண்டியிருந்தது.

இனி எஞ்சின் ரூமுக்குள் போவோம். அந்தக் கால எண்ணெய் எஞ்சினின் தலையில் ஓர் இரும்புக் குமிழ் இருக்கும். அதை ஊதுவிளக்கால் பல நிமிடம் சூடாக்கிய பிறகுதான் பெரிய சில்லைக் கையால் தள்ளிக் கிளப்ப முடியும். கிளம்பிய பின் குமிழின் சூடே எண்ணெயைப் பற்றவைத்துக்கொள்ளும். வேலை குறைந்து குமிழ் ஆறினால் வெள்ளைப் புகை வரும். எண்ணெய் முழுதாக எரியவில்லை என்று அர்த்தம். கரும்புகை வந்தால் எண்ணெய் கூடிவிட்டது அல்லது காற்று போதவில்லை. இங்கே மலை தன் பங்குக்கு ஒரு சிக்கலைச் சேர்த்தது. ஆயிரம் மீற்றர் உயரம் ஏறினால் இத்தகைய எஞ்சினின் வலுவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போய்விடும், ஏனென்றால் காற்று மெலிந்துவிடுகிறது. ஹப்புத்தளை 1,400 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. கடல்மட்டத்துக்கு அளவு வைத்த எஞ்சின் அங்கே கரும்புகை கக்கத்தான் செய்யும். எண்ணெயைக் குறைத்து வைக்க வேண்டும். திடீரென்று ஓட்டம் தளர்ந்தால் தேட வேண்டிய வரிசையும் உண்டு: முதலில் தாங்கியின் அடிக்குழாயைத் திறந்து தண்ணீர் தங்கியிருக்கிறதா என்று பார்ப்பது, பிறகு வடிகட்டி, அதன்பின் குழாயில் காற்றுக் குமிழி, கடைசியாகக் கரி அடைத்த தெளிப்பு முனை. வெளியில் நிற்கும் பீப்பாயின் மூடிவழியே மழைத்தண்ணீர் இறங்குவது சகஜம். இந்த வரிசை தெரியாதவர் நல்ல எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிடுவார். தெரிந்தவர் சிறிது நேரத்தில் ரோலரை மறுபடி சுழலவிடுவார்.

தேயிலையின் தரம் செடி, காற்று, டீமேக்கரின் மூக்கு ஆகியவற்றால் வருவது, எஞ்சின் வெறும் சுழற்றும் கருவி என்று ஒருவர் மறுக்கலாம். ரோலர் பாதியில் நின்றால் உள்ளே நசுங்கிய கொழுந்து புளித்துக்கொண்டே இருக்கும். அளவு தாண்டிப் புளித்த இலையைக் கச்சான் காற்றும் மீட்காது, டீமேக்கரின் மூக்கும் மீட்காது. பெரிய பழுதுகளைப் பார்க்கக் கம்பெனி எஞ்சினியர்கள் இருந்தார்களே என்றும் கேட்கலாம். உடைந்த தண்டுக்கும் வெடித்த உருளைக்கும் அவர்கள் தேவைப்பட்டார்கள். அடைத்த வடிகட்டிக்காகக் கொழும்பிலிருந்தோ கண்டியிலிருந்தோ ஆள் வரும்வரை காத்திருந்தால் அன்றைய கொழுந்து அழிந்துவிடும். அந்த வேலை எஞ்சின் பக்கத்திலேயே நின்ற தொழிலாளியின் கையில்தான் இருந்தது. ஏட்டில் எழுதாமல் கையிலிருந்து கைக்குப் போனதாலேயே அது அறிவு என்று கணக்கில் வரவில்லை.

1950இல் லக்சபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மின்கம்பி தோட்டங்களை எட்ட எட்ட, சுழலிகளும் எண்ணெய் எஞ்சின்களும் ஓரங்கட்டப்பட்டன. மின்சாரம் மலிவு, தொல்லையும் குறைவு. அந்த முடிவைப் பிழை என்று சொல்ல மாட்டேன். மாற்று வழியையும் அதை ஓட்டத் தெரிந்தவர்களையும் சேர்த்துக் கைவிட்டதுதான் பிழை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டு இலங்கை–இந்திய ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்றது. கொழுந்து பறித்த கைகளோடு எஞ்சின் பழகிய கைகளும் கப்பலேறின. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு வந்தபோது, ஸ்டோர்கள் ஜெனரேட்டருக்கு டீசல் தேடி அலைந்தன. ஒரே வலுவை நம்பியிருப்பதன் விலை அப்போது எல்லோருக்கும் தெரிந்தது. பழைய நீர்ச்சுழலிகள் சிலவற்றை 1980களிலிருந்து சில தோட்டங்கள் புதுப்பித்தது சரியான பாதை என்பதும் அப்போது விளங்கியது.

பழைய எஞ்சின்களை எண்ணெய் பூசிக் காட்சிக்கு வைப்பது நல்ல காரியம். அவற்றோடு வெள்ளைப் புகைக்கும் கரும்புகைக்கும் வேறுபாடு சொல்லக்கூடியவர்களின் வாய்மொழியையும் பதிந்து வைக்க வேண்டும். அப்படிப்பட்டவர்களில் எஞ்சியிருப்போர் இன்று முதியவர்கள். ஊவா மாகாணத்துப் பாடசாலைகளும் தொழிற்சங்கங்களும் ஒலிப்பதிவுக் கருவியோடு லயங்களுக்குப் போகட்டும். அந்த வேலையைப் பத்து ஆண்டு தள்ளிப்போட்டால், பிறகு கேட்பதற்கு ஆள் இருக்காது.