காரணம் கேட்ட வினாத்தாள்: கேம்பிரிட்ஜ் உயர்நிலை ஆங்கிலத் தேர்வின் நூறாண்டு மாற்றம்

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களின் உயர்நிலைத் தேர்ச்சியை அளக்கக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தேர்வுக்குழு 1913இல் ஒரு தேர்வைத் தொடங்கியது. ‘சர்டிஃபிகேட் ஆஃப் புரொஃபிஷியன்சி இன் இங்கிலீஷ்’ என்பது அதன் பெயர். வெளிநாட்டுப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்க விரும்புவோருக்காக அமைந்த அத்தேர்வை முதலாண்டில் எழுதியவர்கள் மூன்று பேர். மூவரும் தேறவில்லை. தேர்வு இன்றும் நடக்கிறது. சொல்லறிவையும் சொற்பயன்பாட்டையும் சோதிக்கும் முறை எப்படி மாறியது, போகிற போக்கில் எது கைவிடப்பட்டது என்பதை அறிய இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

முதல் தேர்வு 12 மணி நேரம் நீண்டது. ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சு அல்லது ஜெர்மனுக்கு மொழிபெயர்ப்பு 2 மணி நேரம். அம்மொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பும் இலக்கணமும் இரண்டரை மணி. கட்டுரை 2 மணி. இலக்கியம் 3 மணி. ஒலியியல் ஒன்றரை மணி. இவை போக, சொல்வதை எழுதுதல் அரை மணி, வாசிப்பும் உரையாடலும் அரை மணி. ஒலியியலுக்கு இத்தனை இடம் தந்ததில் ஒலியியலாளர் ஹென்றி ஸ்வீட் போன்றோரின் சிந்தனை தெரிகிறது. கட்டுரைத் தலைப்புகளில் மேத்யூ ஆர்னால்டு உண்டு, எலிசபெத் காலக் கடற்பயணங்கள் உண்டு, 1857இன் ‘இந்தியக் கலகம்’ கூட உண்டு. இங்கிலாந்தின் வரலாற்றைப் படிக்காதவர் எவ்வளவு நல்ல ஆங்கிலம் அறிந்திருந்தாலும் இங்கே தடுமாறியிருப்பார்.

இலக்கணப் பகுதிதான் நம் கவனத்துக்கு உரியது. பொருள் விளங்கும்படி சொற்களை வாக்கியத்தில் அமைத்துக் காட்டச் சொல்கிறது ஒரு வினா. உருவத்தில் நெருங்கிக் குழப்பும் சொற்களை அது பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துகிறது. இன்னொரு வினா சில வாக்கியங்களைத் தந்து, அவற்றைத் திருத்துக அல்லது சரியென்று நிறுவுக, காரணமும் தருக என்கிறது. ஒரு வாக்கியத்தில் ‘டு’வுக்கும் வினைச்சொல்லுக்கும் நடுவே ‘சீரியஸ்லி’ வந்து உட்கார்ந்திருக்கிறது. அது பிழையா, இல்லையா என்பதில் ஆங்கிலேயர்களே அன்று இரண்டு கட்சி. நம் பள்ளி வினாத்தாளின் ‘பிழை நீக்கி எழுதுக’வில் பிழை இருப்பது முன்கூட்டியே உறுதி. இங்கே அந்த உறுதி கிடையாது. தேர்வர் வழக்கை எடைபோட்டு ஒரு பக்கம் நிற்க வேண்டும். நின்றதற்கு நியாயமும் சொல்ல வேண்டும். உயர்நிலைப் பயன்பாட்டைச் சோதிக்க இதைவிடக் கூர்மையான வினா இத்தேர்வில் பின்னர் வரவில்லை என்பது என் கணிப்பு.

ஆனால் ஆள் சேரவில்லை. 1920களின் இறுதியிலும் தேர்வர் எண்ணிக்கை சொற்பமே. தேர்வையே மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. ஜாக் ரோச் என்ற அலுவலரின் முயற்சியில் 1932இல் ஒலியியல் நீக்கப்பட்டது. ஆசிரியரல்லாதோருக்கும் ஏற்றதாகத் தேர்வு விரிந்தது. கூட்டம் வந்தது. கூடவே திருத்தும் சிக்கலும் வந்தது.

அச்சிக்கல் புதிதல்ல. ஒரே ஆங்கில விடைத்தாளுக்கு வெவ்வேறு ஆசிரியர்கள் பெரிதும் வேறுபட்ட மதிப்பெண் தருவதை அமெரிக்காவில் ஸ்டார்ச்சும் எலியட்டும் 1912லேயே காட்டியிருந்தனர். அங்கே கொள்குறி வினா வேரூன்றியது; 1961இல் ராபர்ட் லாடோவின் ‘லாங்குவேஜ் டெஸ்டிங்’ அந்தப் போக்குக்கு மொழியியல் அடித்தளம் தந்தது. கேம்பிரிட்ஜ் மெதுவாகவே நகர்ந்தது. மொழிபெயர்ப்புக்கு மாற்றாக 1950களில் ‘யூஸ் ஆஃப் இங்கிலீஷ்’ என்ற தாள் நுழைந்தது. 1975 திருத்தத்தில் கொள்குறி வினாக்கள் நிலைபெற்றன. வில்சன் டெய்லர் 1953இல் ஒரு பத்தியின் வாசிப்பு எளிமையை அளக்கக் கண்டுபிடித்த, சொற்களை நீக்கி நிரப்பச் செய்யும் உத்தியும் மொழித்தேர்வுக்குள் வந்தது. ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’வின் படித்த தம்பி என்று அதைச் சொல்லலாம்.

2002இல் வந்த ஒரு வினாவகை தனியே பேசத்தக்கது. தொடர்பில்லாத மூன்று வாக்கியங்கள். மூன்றிலும் ஓர் இடைவெளி. மூன்றுக்கும் பொருந்தும் ஒரே சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். சொல்லின் அகராதிப் பொருள் மட்டும் தெரிந்தவர் இதில் தேற முடியாது. எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்ற வழக்கறிவு வேண்டும். மொழியியலாளர் ஜே. ஆர். ஃபிர்த் வலியுறுத்திய சொற்சேர்க்கைக் கருத்து இது. அவருடைய மாணவர் ஹாலிடே 1966இல் காட்டிய எடுத்துக்காட்டு ‘ஸ்ட்ராங் டீ’. நம் டீக்கடையிலும் அப்படித்தான் கேட்கிறோம். ‘பவர்ஃபுல் டீ’ என்று யாரும் கேட்பதில்லை. 2013இல் நூற்றாண்டுத் திருத்தம் வந்தபோது இந்த வினா நீக்கப்பட்டது. பயன்பாட்டுத் தாள் வாசிப்புத் தாளோடு இணைக்கப்பட்டு, இரண்டும் சேர்ந்து ஒன்றரை மணி நேரமாயின. முழுத் தேர்வும் 4 மணி நேரத்துக்குள் அடங்கிவிட்டது. தந்த சொல்லை வைத்து வாக்கியத்தை மாற்றி எழுதும் வினா மட்டும் பழைய கடுமையில் கொஞ்சத்தைக் காத்துவருகிறது.

இதற்கிடையே சொல்வளத்தின் அளவை மட்டும் எண்ணும் வேறொரு மரபு வளர்ந்தது. பால் நேஷன் 1983இல் வெளியிட்ட சோதனை, 2,000, 3,000, 5,000, 10,000 என்று சொற்களின் வழக்கு மிகுதியை ஒட்டிப் படிகள் அமைத்தது. பால் மீராவும் பக்ஸ்டனும் 1987இல் எளிய வழி ஒன்றைக் காட்டினர்: சொல் தெரியுமா, தெரியாதா என்று மட்டும் கேட்பது. பொய் சொல்வோரைப் பிடிக்க, ஆங்கிலத்தில் இல்லாத போலிச் சொற்களை நடுவே கலந்தனர். உயர்நிலைக் கற்போருக்காக 2012இல் வந்த ‘லெக்ஸ்டேல்’ சோதனையின் 60 சொற்களில் 20 போலிகள். சில நிமிடங்களில் முடிந்துவிடுவதால் ஆய்வாளர்களுக்கு இது வசதி. ஆனால் தெரியும் என்று குறித்த சொல்லைத் தேர்வர் எப்படிக் கையாள்வார் என்பதைப் பற்றி அது ஒன்றும் பேசாது.

சொற்களை எண்ணும் சோதனையின் மதிப்பெண்ணைப் பயன்பாட்டுத் தேர்ச்சியாகவும், பயன்பாட்டுத் தேர்வின் சான்றிதழைச் சொல்வளத்தின் அளவாகவும் படிப்பது தவறு. கற்பிப்போர் இரண்டையும் தனித்தனியே நடத்த வேண்டும். வகுப்பறையிலாவது மாணவரிடம் விடையோடு காரணத்தையும் கேட்க வேண்டும்.