சைக்கிள் வீரரும் ட்ரையத்லன் வீரரும்

சைக்கிளோட்டமே தொழிலான வீரரும், நீந்திக் கரையேறிச் சைக்கிள் மிதித்து, இறங்கியதும் ஓடவேண்டிய ட்ரையத்லன் வீரரும் ஒரே பாதையில் இறங்கினால் யார் முந்துவார்? பாதை எப்படிப்பட்டது, தனியாகவா கூட்டமாகவா என்பவை தெரிந்தால்தான் விடை சொல்ல முடியும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டையே எடுத்துக்கொள்வோம். சுண்ணக்கல் சமதரை, மலையேற்றம் கிடையாது. ஆனால் பண்ணையைத் தாண்டித் தீவுப்பக்கமோ, பொன்னாலையிலிருந்து காரைநகருக்கோ போகும் தாம்போதிகளில் மரமும் மதிலும் இல்லை. தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் மாதங்களில் அங்கே எதிர்க்காற்றில் மிதிப்பது மலையேறுவதற்குக் குறைந்ததல்ல. 1990களின் போர்க்கால எரிபொருள் தடையின்போது விறகும் மூட்டையும் கட்டிக்கொண்டு சைக்கிளோடியவர்களுக்கு இது பாடமாகச் சொல்லித்தரத் தேவையில்லாத விடயம். சமதரையில் வேகமாகச் செல்பவரின் வலுவில் பெரும்பங்கு காற்றை விலக்கவே போகிறது. வேகம் இரு மடங்கானால் அதற்கு வேண்டிய வலு எட்டு மடங்காகும்.

இத்தகைய பாதையில் தனியே ஓடினால் ட்ரையத்லன் வீரர் மிக நெருங்கி வருவார். நெடுந்தூர ட்ரையத்லனில் முன்னே போகிறவரின் காற்றுமறைவில் ஒட்டிச் செல்வது குற்றம். முழங்கைகளை முன்னே ஊன்றிக் குனிந்து, ஒரே சீராக மணிக்கணக்கில் மிதிப்பதே அவர்களின் பயிற்சி. 2022இல் ஹவாயில் நடந்த நெடுந்தூர ட்ரையத்லன் போட்டியில் பிரான்சின் சாம் லெய்ட்லோ சைக்கிள் பகுதியின் 180 கிலோமீற்றரை 4 மணி 4 நிமிடம் 36 வினாடிகளில் முடித்தார்; சராசரி மணிக்கு 44 கிலோமீற்றர். அதே ஆண்டு இத்தாலியின் பிலிப்போ கன்னா உள்ளரங்கத் தடத்தில் ஒரு மணி நேரத்தில் 56.792 கிலோமீற்றர் ஓடினார். இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நியாயமல்ல. கன்னா அந்த ஒரு மணி நேரத்தில் இருந்ததையெல்லாம் கொட்டிவிடலாம். லெய்ட்லோவுக்கோ நீச்சல் முடிந்திருந்தது, 42.195 கிலோமீற்றர் ஓட்டம் மிச்சமிருந்தது.

கூட்டமாக ஓடும்போது நிலைமை மாறிவிடும். திடீர்ப் பாய்ச்சல், வளைவில் தோளோடு தோள் உரசல், மறுநாளும் அதே உழைப்பு என்று 21 கட்டங்கள் நீளும் டூர் டி பிரான்ஸ் போன்ற போட்டிகள் சைக்கிள் வீரரின் களம். மூன்று விளையாட்டுக்குப் பயிற்சி நேரத்தைப் பங்கிடுபவர் அங்கே ஈடுகொடுப்பது கடினம்.

எல்லையைத் தாண்டியவர்களும் உண்டு. 2018இல் ஹவாய்ச் சைக்கிள் பகுதியின் சாதனையை முறியடித்த அவுஸ்திரேலியர் கமரன் வேர்ஃப், 2020இல் இனியோஸ் சைக்கிள் அணியில் சேர்ந்தார். அமெரிக்க ட்ரையத்லன் வீராங்கனை டெய்லர் நிப் 2024இல் தம் நாட்டின் தனிநேரச் சைக்கிள் போட்டியில் வென்று, பாரிஸ் ஒலிம்பிக்கில் இரு விளையாட்டுகளிலும் பங்கேற்றார்.

குடாநாட்டில் நீச்சல், சைக்கிளோட்டம் இரண்டையும் தொட்டவர் வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன். 1971இல் பாக்குநீரிணையை இருவழியும் நீந்திக் கடந்த அவர், 1979 மே 2 முதல் 10 வரை கொழும்பு விகாரமகாதேவி பூங்காவைச் சுற்றி 187 மணி 28 நிமிடம் நிறுத்தாமல் சைக்கிளோடிக் கின்னஸ் நூலில் இடம்பெற்றார். அது வேகத்தின் அளவுகோல் அல்ல. உறக்கத்தை மறுத்த தாங்குதிறனின் சாதனை. வலுவை வாற்றில் அளக்கும் இன்றைய ஒப்பீடுகளில் இவ்வகைத் திறனுக்கு இடமில்லாதது பெருங்குறை.