எழும்பூர் மணலில் தொடங்கிய பாடம்

நாடு விட்டு நாடு பள்ளிகள் கைகோப்பது புதிதல்ல. தொடக்கப்பள்ளி ஆசிரியையான எனக்கு உடனே எழும்பூர்தான் நினைவுக்கு வரும். 1789இல் அங்கிருந்த ராணுவ அநாதை இல்லப் பள்ளியின் பொறுப்பை ஏற்றவர் ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ பெல். நம்மூர்ப் பிள்ளைகள் தரையில் மணல் பரப்பி, விரலால் எழுத்துப் பழகுவதைப் பார்த்தார். தம் பள்ளியிலும் அதைச் செய்யச் சொன்னார். ஆசிரியர் இசையவில்லை; பெல் ஒரு மாணவனிடமே வகுப்பை ஒப்படைத்துவிட்டார்! மாணவர்கள் அன்றாடம் எவ்வளவு படித்தார்கள் என்பதற்குப் பதிவேடும் வைத்தார். இன்று நாங்கள் நிரப்பும் சுயமதிப்பீட்டுப் படிவத்துக்கு அதை மூத்த உறவாகவே நினைக்கிறேன்.

1797இல் லண்டனில் அவர் வெளியிட்ட நூலால், மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் இந்த ‘மெட்ராஸ் முறை’ இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளைச் சென்றடைந்தது. மணலில் எழுதக் கற்பித்த திண்ணை வாத்தியாருக்கு வரலாற்றில் இடமில்லாமல் போனது பெரிய அநீதி. பெல்லின் கொடையால் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் 1833இல் திறந்த பள்ளிக்கு இன்றும் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்றுதான் பெயர்.