ஆசானும் அரசுச் சம்பளமும்

திருவனந்தபுரத்திலும் சுற்றூர்களிலும் ஆசான் பள்ளிகள் விளங்கிய காலத்தில், பள்ளிக்கூடம் என்பது கட்டடமன்று. ஆசான் அமர்ந்த இடமே பள்ளி. பிள்ளை முதலில் மணலில் விரலால் எழுதும்; கை பழகிய பின்னரே எழுத்தாணியும் பனையோலையும் கிட்டும். தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளியிலும் இதுவே வழக்கம். சென்னையருகே பிள்ளைகள் இவ்வாறு எழுதக் கண்ட ஆண்ட்ரூ பெல் பாதிரியார், எழும்பூரில் தாம் நடத்திய அனாதைப் பள்ளியிலும் அதனைப் புகுத்தினார். மூத்த மாணவரைக் கொண்டே இளையோர்க்குக் கற்பித்தார். 1797-ல் அவர் இலண்டனில் வெளியிட்ட நூலால் அம்முறை ‘மதராஸ் முறை’ என்று பெயர் பெற்றுப் பரவியது.

ஆசானுக்கு ஊதியம் நெல்லும் காணிக்கையுமே. பிரம்புக்குக் குறைவில்லை, எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் அங்கே இடமுமில்லை. இவற்றை மறைத்து அக்காலத்தைப் புகழ்வது முறையன்று. ஆயினும் ஆசான் தம் பள்ளியை வெறுக்க வழியில்லை, பள்ளியே அவர்தாமே!

1817-ல் ராணி கௌரி பார்வதி பாயி, குடிகளின் கல்விச் செலவை அரசே ஏற்கவேண்டும் என்று ஆணை பிறப்பித்தார். நாஞ்சில் நாடும் அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்ததே. எண்ணம் உயர்ந்தது, நிறைவேறவோ பல தலைமுறைகள் ஆயின. பின்னாளில் பெருகிய பள்ளிகளுட் பல, அரசின் உதவித்தொகை பெற்ற தனியார் பள்ளிகள். அங்கே சம்பளம் மானேஜரின் கைவழியே வந்தது. முழுத்தொகைக்குக் கையொப்பமிட்டுக் குறைத்துப் பெற்ற ஆசிரியர் பலர். மானேஜரின் முகக்குறிப்பே பாடத்திட்டமாகிவிட்ட ஒருவரிடம், புதிய போதனாமுறையைச் சோதிக்கும் துணிவு எங்ஙனம் பிறக்கும்?

1957-ல் கேரளத்தின் கல்வி அமைச்சரான ஜோசப் முண்டசேரி, தாமும் கல்லூரி ஆசிரியராய் இருந்தவர். தனியார் பள்ளி ஆசிரியர்க்கு அரசே நேரிற் சம்பளம் தரவேண்டும், நியமனமும் தேர்வாணையப் பட்டியலினின்றே நிகழவேண்டும் என்றது அவர் கொணர்ந்த மசோதா. 1958-ல் உச்சநீதிமன்றம் கருத்துரைத்தது. திருத்தம் பெற்ற மசோதாவுக்கு 1959-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். அவ்வாண்டே பெருங்கிளர்ச்சி மூண்டது. ஜூலை 31-ல் அமைச்சரவை நீக்கப்பட்டது. நியமன விதி பின்னர் கைவிடப்பட்டது. நேர்ச்சம்பள விதியோ நிலைத்தது.

1990-களில் செயல்வழிக் கல்வி கேரள வகுப்பறைகளுட் புகுந்தபோது, எழுத்தும் வாய்ப்பாடும் போயின என்று பெற்றோர் பலர் முறையிட்டனர். ஆசிரியர்களுள்ளும் அம்முறையை வரவேற்றோர் உண்டு, வெறுத்தோர் உண்டு. மாதச் சம்பளம் பறிபோகும் என்ற அச்சமின்றி அவ்விரு சாராராலும் வாதாட முடிந்தது.