கவர்னர் எயர் வழக்கும் ஜான் ஸ்டூவர்ட் மில்லும்

பெரும்பாலோர்க்குப் பேரின்பம் விளைப்பதே நற்செயல் என்பது பெந்தாம் என்னும் ஆங்கிலப் பேரறிஞரின் கொள்கை. கேட்க இனிய கொள்கைதான். ஆயின், ஊர் அமைதியுறும் என்பதற்காகக் குற்றம் மெய்ப்பிக்கப்படாத ஒருவனைத் தூக்கிலிடலாமோ? இவ்வினா ஏட்டளவில் நின்றதன்று. 1865-ஆம் ஆண்டில் ஜமெய்க்காத் தீவில் இரத்தத்தால் எழுதப்பட்டது.

கரும்புத் தோட்டங்கள் மலிந்தது அத்தீவு. 1845 முதல் இந்தியக் கூலிகளும் அங்குக் கப்பலேற்றப்பட்டனர். 1838-இல் கறுப்பு மக்களின் அடிமைத்தளை முற்றும் நீங்கியது. எனினும் நிலமில்லை, பெரும்பாலோர்க்கு வாக்குரிமையில்லை. வழக்காட நீதிமன்றம் சென்றால், ஆங்கே நீதிபதியாய் வீற்றிருப்பவரும் தோட்ட முதலாளியே! 1865 அக்டோபர் 11-இல், பால் போகிள் என்பவர் தலைமையில் மக்கள் மோரண்ட் பே நீதிமன்றத்தின்முன் திரண்டனர். தொண்டர் படை சுட்டது. கொதித்த கூட்டம் கட்டடத்திற்குத் தீயிட்டது. அதிகாரிகள் பலர் மாண்டனர்.

கவர்னர் எயர் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். பின்னர் அமைந்த அரச விசாரணைக் குழுவின் கணக்குப்படி, மாய்க்கப்பட்டோர் 439 பேர். கசையடிபட்டோர் 600 பேருக்குக் குறையார். எரிந்த வீடுகள் 1,000. அடிபட்டவருள் பெண்டிரும் இருந்தனர்.

இவற்றினும் ஒரு செயலே இங்கிலாந்தை உலுக்கியது. ஜார்ஜ் வில்லியம் கார்டன் சட்டசபை உறுப்பினர், கலப்பினத்தவர், கவர்னரை அஞ்சாது கண்டித்தவர். கலகம் நிகழ்ந்தபோது அவர் அங்கிலர். அவர் சரணடைந்த கிங்ஸ்டன் நகரில் இராணுவச் சட்டமும் இல்லை. ஆகவே அவரைக் கப்பலேற்றி, அச்சட்டம் நிலவிய மோரண்ட் பேக்குக் கொண்டுபோய், இராணுவ மன்றத்தில் நிறுத்தி, அக்டோபர் 23-இல் தூக்கிலிட்டனர். சட்டத்தை மனிதனிடம் கொண்டுவர இயலாதபோது, மனிதனைச் சட்டத்திடம் கொண்டுபோன விந்தை இது!

கார்லைல், ரஸ்கின், டிக்கன்ஸ் முதலியோர் எயரின் பக்கம் நின்றனர். தீவைக் காத்தவரைத் தண்டிப்பதா என்பதே அவர் கட்சியின் வாதம். இஃது அப்பட்டமான பயன்வாதமன்றோ? ஆயின், பயன்வாதத்தின் தலைமைப் புலவராகிய மில்லே எதிர்க்கட்சிக்குத் தலைமை பூண்டார்! டார்வினும் ஹக்ஸ்லியும் அவருக்குத் துணை நின்றனர். மில் இதில் தம் கொள்கையைக் கைவிட்டாரல்லர். நீதி என்பது பயனுக்குப் புறம்பான பொருளன்று. உயிர்க்கு அச்சமின்மையே ஏனைய இன்பங்கட்கெல்லாம் அடிப்படையாதலின், அதனைக் காக்கும் விதிகளே யாவற்றினும் வலியன என்று 1861-இல் அவர் எழுதியிருந்தார். அதிகாரியின் விருப்பப்படி ஒருவனைக் கொல்லலாமெனின், எஞ்சியோருள் எவர்க்கு உறக்கம் வரும்?

மில்லிடமும் கறையுண்டு. 35 ஆண்டுகள் கிழக்கிந்தியக் கம்பெனியில் ஊழியம் பார்த்தவர். பண்படாத மக்கட்குத் தனியாட்சியே தகும் என்று தம் சுதந்திர நூலிலேயே எழுதியவர். அதை நாம் மன்னிக்க வேண்டுவதில்லை. எனினும் கார்டனுக்காக வசைக் கடிதங்களையும் கொலை மிரட்டல்களையும் ஏற்றவர் அவரே.

எயர் பதவியிழந்தார், தண்டனை பெற்றாரில்லை. 1868-இல் குற்றச்சாட்டைப் பெருஞ்சூரியினர் தள்ளினர். 1872-இல் அவருடைய வழக்குச் செலவைப் பார்லிமெண்டு பொதுப்பணத்திலிருந்து கொடுத்தது.