மழைக்கு ஒதுங்கிய இருவர்

மன்னர்களின் படையெடுப்புகளை ஆண்டு தவறாமல் மாணவர்க்கு ஓதும் நாம், நகரத்தின் கழிவைச் சுமந்தவர்களின் வரலாற்றை எந்தப் பாடத்திலே சொன்னோம்? அந்த வரலாற்றின் ஓர் ஏடு, அமெரிக்க நாட்டு டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரிலே, 1968-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் எழுதப்பட்டது. மையினால் அன்று; இரத்தத்தினால்!

கொட்டிற்று மழை. நகரப் பொதுப்பணித் துறையின் குப்பை வண்டியிலே பணிபுரிந்த எக்கோல் கோல், இராபர்ட் வாக்கர் எனும் கறுப்பினத் தோழர் இருவர் ஒதுங்க இடம் தேடினர். தெருவெங்கும் வீடுகள், வீடுகளுக்குத் தாழ்வாரங்கள். ஆனால் குப்பை அள்ளுவோர் அங்கே நிற்பதை வெள்ளையர் பொறுத்தாரில்லை. ஓட்டுநர் அறையிலோ இடமில்லை. குப்பையை நசுக்கும் பின்பெட்டிக்குள் புகுந்தனர் இருவரும். திடீரென்று இயங்கிற்று பொறி. நிறுத்த முயன்றார் ஓட்டுநர், நிற்கவில்லை. குப்பையோடு குப்பையாக நசுங்கினர், மனிதர் இருவர்!

விதி என்று கூறி ஓய்வோர் நம்மிடையேயும் உண்டு. விதியா அது? 1964-லேயே அந்நகரின் குப்பை வண்டிப் பழுதுக்கு இருவர் பலியாகியிருந்தனர். பழைய வண்டிகளை மாற்றுங்கள் என்று தொழிலாளர் முறையிட்டனர். கேட்கச் செவியில்லை. 1963-இல் சங்கம் காண முனைந்த டி. ஓ. ஜோன்சும் தோழர்களும் வேலையிழந்தனர். 1968-இல் மேயராக வீற்றிருந்த ஹென்றி லோப், முன்பு அதே பொதுப்பணித் துறைக்குத் தலைமை தாங்கியவர். அறியாத துறையன்று அவருக்கு.

மழை நாளில் வேலையை நிறுத்தியிருக்கலாமே எனலாம். நிறுத்தினால் நேர்வதென்ன? அதே நாள்களிலேதான், கழிவுநீர்ப் பிரிவின் கறுப்பினத் தொழிலாளர் 22 பேரை மழையைக் காட்டி வீட்டுக்கு அனுப்பினர், கூலியை மறுத்தனர். வெள்ளை மேற்பார்வையாளர்க்கோ கூலி குறையவில்லை! உயிரைக் காத்தால் உணவில்லை; உணவைத் தேடினால் உயிரில்லை.

பாதுகாப்பு என்பது கையுறையும் காலணியும் மட்டுமா? அன்று. பழுதைக் கண்டவன் யாரிடம் சொல்வது, சொன்னதை யார் பதிவது, பழுதான பொறியை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு, செப்பனிட்ட பின்னரே தெருவுக்கு அனுப்பும் பொறுப்பு யாருடையது—இந்நான்கையும் ஒரே சங்கிலியாகக் கோப்பதே பாதுகாப்பு. மெம்பிசிலே முதற் கண்ணியே இல்லை. தொழிலாளி சொல்லுக்கு விலையில்லை!

மாண்டவர் மணிக்கணக்குக் கூலிகள். ஆகவே இழப்பீட்டுச் சட்டத்தின் நிழலும் அவர்கள்மீது விழவில்லை. ஒரு மாத ஊதியமும், அடக்கச் செலவுக்கு 500 டாலருமே குடும்பங்கள் கண்டவை.

பிப்ரவரி 12-ஆம் நாள், ஏறத்தாழ 1,300 தொழிலாளர் வேலையை நிறுத்தினர். போராட்டத்திலே அவர்கள் ஏந்திய அட்டைகளிலே காணப்பட்ட வாசகம்: ‘நான் மனிதன்’. கேட்டது கூலி மட்டுமன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? அவர்களுக்குத் துணை நிற்க வந்த மார்ட்டின் லூதர் கிங், ஏப்ரல் 4-ஆம் நாள் அந்நகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 16-ஆம் நாள் உடன்பாடு கண்டது. சங்கம் ஏற்கப்பட்டது, கூலி உயர்ந்தது, குறைகளை முறையிட வழி வகுக்கப்பட்டது. அறுந்த சங்கிலிக்கு முதற் கண்ணி கிடைத்தது. எத்தகைய விலைக்கு!

1970-இல் அமெரிக்க நடுவணரசு தொழிற் பாதுகாப்புச் சட்டம் இயற்றிற்று. ஆனால் மாநில, நகராட்சித் தொழிலாளரை அச்சட்டம் நேரே தழுவவில்லை. தனித் திட்டம் வகுக்கும் மாநிலங்களின் பொறுப்பில் விட்டது. தனியார் ஆலையின் வாயிலிலே கண்டிப்புக் காட்டிய சட்டம், அரசின் குப்பை வண்டியருகே தயங்கி நின்றது!

சட்டம் தயங்கலாம், நாம் தயங்கலாமா? வண்டியைச் செப்பனிடுவது துறையின் கடமை. அடுத்த மழையிலே துப்புரவுத் தோழர் நம் தெருவில் நனைந்து நிற்கும்போது, நம் திண்ணையில் அவருக்கு இடமுண்டா? மாணவரைக் கேட்கும் முன், நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.